இரசாயன ஆயுதக் கழிவு உங்கள் ஊர் வழியே வருகிறதா? புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2023 ஜூலை 7 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், புளூ கிராஸ் ராணுவக் கிடங்கில், சாரின் நஞ்சு நிரப்பிய கடைசி ராக்கெட்டை அழித்தார்கள். உலக நாடுகள் கணக்குக் காட்டிய இரசாயன ஆயுதக் கையிருப்பு அத்தோடு தீர்ந்தது என்று ஹேக் நகரில் இருக்கும் இரசாயன ஆயுதத் தடை அமைப்பு அறிவித்தது. நல்ல செய்திதான். ஆனால் ஆயுதம் தீர்ந்தாலும் அதை அழித்ததில் மிஞ்சிய கழிவு தீர்ந்துவிடவில்லை. லாரியில் ஏறி, பல ஊர்களைத் தாண்டி, யாரோ குடியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய்த்தான் அது எரிகிறது. தவிர, கணக்கில் வராதவையும் நிறைய. கடலில் கொட்டியவை, மண்ணில் புதைத்தவை, இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பான் ராணுவம் சீன மண்ணில் விட்டுப்போனவை என்று இன்னும் தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே இந்தப் பேச்சு முடிந்துபோன பேச்சு இல்லை.

"அந்தக் கழிவு நம் ஊர் வழியே போகப்போகிறதாம்", "பக்கத்து ஆலையில் எரிக்கப்போகிறார்களாம்" என்று முதன்முறையாகக் காதில் விழுந்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேதியியலோ சட்டமோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கழிவு எங்கிருந்து கிளம்புகிறது என்பதைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், எங்கே போய்ச் சேர்கிறது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. போய்ச் சேரும் ஊர் மக்களிடம்தான் எப்போதும் கடைசியாகப் பேசுகிறார்கள், அதுவும் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு. இந்த வரிசையை மாற்றுவதற்குத்தான் கீழே உள்ள படிகள்.

முதல் படி: என்ன வருகிறது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்

"இரசாயன ஆயுதக் கழிவு" என்ற ஒரே பெயரில் குறைந்தது நான்கு விதமான சரக்கு அடங்கும். நஞ்சு நிரம்பிய குண்டு, ராக்கெட், பீப்பாய் ஒரு வகை. நஞ்சை வேதிவினையால் உடைத்தபின் கிடைக்கும் திரவம் இன்னொரு வகை. இதற்கு ஹைட்ரோலைசேட் என்று பெயர். பாதுகாப்பு உடை, கரி வடிகட்டி, மரப்பலகை, காலி உலோகக் கூடு போன்ற நஞ்சு தொட்ட பொருள்கள் மூன்றாவது. பழைய கிடங்கிலிருந்து அள்ளிய மண் நான்காவது. ஒவ்வொன்றின் அபாயமும் வேறு, பொருந்தும் சட்டமும் வேறு.

இது ஏன் முக்கியம் என்றால், அமெரிக்காவில் 1994-ல் வந்த சட்டம் கையிருப்பில் உள்ள இரசாயன ஆயுதங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகத் தடை போட்டது. ஆனால் அதே நஞ்சை உடைத்துத் திரவமாக்கிவிட்டால் அது ஆயுதம் இல்லை, தொழிற்சாலைக் கழிவுதான் என்று ராணுவம் எடுத்துக்கொண்டது. அப்படித்தான் ஹைட்ரோலைசேட் நெடுஞ்சாலைக்கு வந்தது. உங்கள் நாட்டிலும் இதே மாதிரி ஒரு பெயர்மாற்றம் எந்த இடத்தில் நடக்கிறது என்று பாருங்கள். "ஆயுதம்" என்ற சொல் எந்தக் காகிதத்தில் "கழிவு" ஆகிறதோ, அந்தக் காகிதம்தான் உங்கள் கையில் இருக்க வேண்டிய முதல் ஆவணம்.

பெயர் கேட்டதும் அடுத்து அளவைக் கேளுங்கள். நஞ்சை உடைக்கும்போது அதன் கொள்ளளவு பெருகும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. இண்டியானா மாநிலத்தின் நியூபோர்ட் கிடங்கில் வி.எக்ஸ். என்ற நரம்பு நஞ்சு ஏறத்தாழ 1,270 அமெரிக்க டன் இருந்தது. அதைச் சுமார் 90 டிகிரி சூட்டில் காஸ்டிக் சோடாக் கரைசலோடு சேர்த்துக் கிளறி உடைத்தார்கள். அதில் வரும் திரவத்தில் ஏறத்தாழ 18 லட்சம் கேலன், அதாவது 68 லட்சம் லிட்டர், வெளியே அனுப்பத் திட்டம் போட்டார்கள். நஞ்சின் வீரியம் போய்விட்டது, ஆனால் லாரி ஏற வேண்டிய சுமை ஐந்தாறு மடங்காகிவிட்டது.

இரண்டாம் படி: "கண்டறியப்படவில்லை" என்பதைப் படிக்கப் பழகுங்கள்

ஆய்வறிக்கை என்று நாலு பக்கம் கையில் கொடுப்பார்கள். அதில் நஞ்சின் பெயருக்கு எதிரே "கண்டறியப்படவில்லை" என்று இருக்கும். கூட்டத்தில் அதிகாரி அதைத் தூக்கிக் காட்டி, "நஞ்சே இல்லை" என்பார். இரண்டும் ஒன்றல்ல. கருவியால் பார்க்க முடிகிற எல்லைக்குக் கீழே இருக்கிறது என்பது மட்டும்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள். பக்கத்துக் கட்டத்தில் சின்ன எழுத்தில் அந்த எல்லை போட்டிருக்கும். அதைப் பாருங்கள்.

நியூபோர்ட்டில் அந்த எல்லை நூறு கோடியில் 20 பங்கு. 20,000 லிட்டர் பிடிக்கும் ஒரு டேங்கரை எடுத்துக்கொள்வோம். திரவத்தின் எடை லிட்டருக்கு ஒரு கிலோ என்று வைத்தால், 20,000 கிலோவில் நூறு கோடிக்கு 20 பங்கு என்பது 0.4 கிராம். அதாவது அந்த டேங்கரில் 0.4 கிராம் வரை நஞ்சு மிச்சம் இருந்தாலும் அறிக்கை "கண்டறியப்படவில்லை" என்றே சொல்லும். அவ்வளவு இருக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. அத்தனை லிட்டரில் பரவிக் கிடக்கும் அந்த அளவு, சாலையில் போகிறவருக்கு உடனடி ஆபத்தும் இல்லை. ஆனால் "பூச்சியம்" என்று யாராவது சொன்னால், அது பூச்சியம் இல்லை என்று எடுத்துச் சொல்ல இந்தக் கணக்கு போதும். மேடையில் இருப்பவர்கள் அதற்குப் பிறகு உங்களிடம் கொஞ்சம் கவனமாகவே பேசுவார்கள்.

அடுத்து, நஞ்சை உடைத்ததில் என்னென்ன புதிதாக உருவானது என்று கேளுங்கள். வி.எக்ஸ். உடையும்போது, வினை சரியாக நடக்காவிட்டால், ஈ.ஏ. 2192 என்ற பொருள் மிஞ்சலாம். உடலுக்குள் போனால் இது கிட்டத்தட்ட வி.எக்ஸ். அளவுக்கே நச்சு, தண்ணீரில் எளிதில் சிதையாது. காரம் போதுமான அளவுக்கு இருந்து, சூடும் நேரமும் சரியாக இருந்தால் இதுவும் உடைந்துவிடும். ஆகவே கேள்வி இப்படி இருக்கட்டும்: "ஒவ்வொரு முறை உடைத்தெடுத்த தொகுதியிலும் இதைத் தனியாகச் சோதித்தீர்களா, எல்லை என்ன, தேறாத தொகுதியை என்ன செய்தீர்கள்?" தோலைக் கொப்பளிக்க வைக்கும் போர் நஞ்சான கடுகு வாயுவை வெந்நீரில் உடைத்தால் தயோடைகிளைகால் என்ற திரவமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வரும். சாரினை உடைத்தால் ஃபுளோரைடு உப்பு வரும். எது உங்கள் பக்கம் வருகிறதோ அதற்கேற்பக் கேளுங்கள்.

மாதிரியை எங்கே எடுத்தார்கள் என்பதையும் விடாதீர்கள். இப்படிப்பட்ட திரவம் தொட்டியில் நின்றால் இரண்டு அடுக்காகப் பிரியும்; மேலே எண்ணெய் மாதிரி ஓர் அடுக்கு, கீழே காரத் தண்ணீர். கீழே மட்டும் மொண்டு சோதித்தால் மேலே என்ன இருக்கிறது என்று தெரியாது. எளிதில் தீப்பிடிக்கக்கூடியது பெரும்பாலும் அந்த மேல் அடுக்குதான். இரண்டையும் தனித்தனியே சோதித்த எண்ணைக் கேளுங்கள். எந்த வெப்பத்தில் தீப்பற்றும் என்ற எண்ணையும் கூடவே கேட்டு வாங்குங்கள்.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹைட்ரோலைசேட் ஏற்றிய லாரி கவிழ்ந்தால் முதல் ஆபத்து மிச்சமிருக்கும் நரம்பு நஞ்சால் அல்ல, காரத்தால். கடுமையான காஸ்டிக் அது. தோலையும் கண்ணையும் அரித்துவிடும். ராணுவமே அதைச் சாக்கடை அடைப்பு நீக்கும் திரவத்தோடு ஒப்பிட்டுப் பேசியது. மக்களைச் சமாதானப்படுத்தச் சொன்ன ஒப்பீடு அது. என்னைக் கேட்டால் அதுவே போதுமான எச்சரிக்கை: அந்தத் திரவம் டேங்கர் டேங்கராக ஒரு ஊர்ச் சாலையில் போகிறது என்றால், அந்த ஊர் தீயணைப்பு நிலையத்துக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டாமா?

மூன்றாம் படி: கடைசித் துளி எங்கே போகிறது என்று பின்தொடருங்கள்

எனக்குத் தெரிந்த வரையில் மக்கள் ஜெயித்த இடமும் தோற்ற இடமும் இதுதான். ஆகவே இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நியூபோர்ட் திரவத்தை முதலில் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்ப நினைத்தார்கள். அங்கே பாக்டீரியாவை வைத்துச் சிதைத்து, மிச்சத் தண்ணீரை உள்ளூர்க் கழிவுநீர்க் குழாயில் விடுவதாகத் திட்டம். அக்கம்பக்கத்து மக்கள் எதிர்த்தார்கள். அந்தக் கழிவுநீர்க் குழாய் மான்ட்கோமரி கவுன்டி நிர்வாகத்தின் கையில் இருந்தது. மக்களின் எதிர்ப்பைப் பார்த்த நிர்வாகம், அந்தத் தண்ணீரை எங்கள் குழாயில் வாங்க மாட்டோம் என்றது. குழாய் இல்லாமல் திட்டம் இல்லை. 2003-ல் ராணுவம் அதைக் கைவிட்டது.

அடுத்து நியூஜெர்சியின் டீப்வாட்டரில் உள்ள டூபான்ட் ஆலை. அங்கே சுத்திகரித்து டெலவேர் ஆற்றில் விட வேண்டும். கடுகு வாயுவை உடைத்த திரவத்தை மேரிலாந்திலிருந்து ஏற்கெனவே வாங்கிச் சுத்திகரித்த ஆலைதான் அது. ஆனால் வி.எக்ஸ். திரவம் என்றதும் ஆற்றின் இரு கரையிலும் எதிர்ப்பு. ஆற்று மீனுக்கும் மற்ற உயிர்களுக்கும் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அரசு அமைப்புகள் திரும்பத் திரும்ப விளக்கம் கேட்டன. 2007 ஜனவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது.

இரண்டு கதையிலும் பாருங்கள், ராணுவத்தை யாரும் நேருக்கு நேர் தடுத்து நிறுத்தவில்லை. கடைசித் துளி விழ வேண்டிய இடத்தின் சாவி யாரிடம் இருந்ததோ, அவர்களைப் பிடித்தார்கள்: ஓரிடத்தில் கழிவுநீர்க் குழாய், இன்னோரிடத்தில் ஆறு. உங்கள் வழக்கிலும் அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது? ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். கழிவு கிளம்பும் தொட்டி, ஏற்றும் இடம், சாலை, இறக்கும் இடம், உலை அல்லது சுத்திகரிப்புத் தொட்டி, அங்கிருந்து காற்றில் போவது, தண்ணீரில் போவது, சாம்பலாகக் குப்பைமேட்டுக்குப் போவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே அனுமதி தரும் அலுவலகத்தின் பெயரை எழுதுங்கள். அந்தப் பட்டியலில் ஓர் அலுவலகமாவது உங்கள் ஓட்டுக்குக் கட்டுப்பட்டதாக இருக்கும்.

அப்புறம் என்ன ஆயிற்று? டேட்டனும் டீப்வாட்டரும் கைவிட்டபின், 2007 ஏப்ரலில் அதே திரவம் டெக்சாஸின் போர்ட் ஆர்தரில் உள்ள வியோலியா நிறுவனத்தின் எரிப்பு உலைக்குக் கிளம்பியது. பல மாநிலங்களைக் கடக்கும் பயணம். போர்ட் ஆர்தர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் சூழ்ந்த ஊர். ஆலைகளை ஒட்டி வாழ்பவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள், வசதி குறைந்தவர்கள். இம்முறை எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல் நடந்தது. லாரிகள் புறப்படுகிற நேரத்தில்தான் ஊருக்கே தெரிந்தது. ஹில்டன் கெல்லி போன்ற உள்ளூர் செயற்பாட்டாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். அவர் பின்னர் 2011-ல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது பெற்றவர். ஆனால் அப்போது அனுமதிகள் ஏற்கெனவே கையில் இருந்தன. அந்த உலைக்கு அபாயக் கழிவை எரிக்கப் பழைய உரிமம் இருந்தது, புதிதாக யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தடுக்க வேண்டிய சாவி எதுவும் அந்த ஊர் மக்களின் கைக்கு எட்டவில்லை.

இதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. ஒரு ஊரின் குரல் ஓங்கி ஒலித்தது என்பதற்காக, குரலே கேட்காத ஊருக்குப் பாரம் போய்ச் சேர்ந்தது.

நான்காம் படி: சாலையைப் பாருங்கள்

லாரிகள் எந்த வழியாகப் போகும் என்பதைப் பாதுகாப்புக் காரணம் காட்டிச் சொல்ல மறுப்பார்கள். நேரத்தையும் நாளையும் மறைப்பதில் நியாயம் இருக்கலாம். ஆனால் வழியில் உள்ள தீயணைப்பு நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் மறைப்பதில் எந்த நியாயமும் இல்லை. ஆகவே வழியைச் சொல்லுங்கள் என்று கேட்பதைவிட, "வழியில் உள்ள எந்தெந்தத் தீயணைப்பு நிலையங்களுக்குப் பயிற்சி கொடுத்தீர்கள், எப்போது கொடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் உங்களுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

வழியையே மாற்ற வைத்த மக்களும் உண்டு. ஒகினாவா தீவில் அமெரிக்க ராணுவம் இரகசியமாக வைத்திருந்த நரம்பு நஞ்சு 1969 ஜூலையில் கசிந்து 20-க்கும் மேற்பட்ட ராணுவத்தினர் பாதிக்கப்பட்டபோதுதான், தங்கள் தலைமாட்டில் என்ன இருக்கிறது என்று தீவு மக்களுக்குத் தெரியவந்தது. 1971-ல் அங்கிருந்த இரசாயன ஆயுதங்களைப் பசிபிக் கடலில் உள்ள ஜான்ஸ்டன் தீவுக்குக் கொண்டுபோனார்கள். முதல் கட்டத்தில் லாரிகள் ஊர்களை ஒட்டிப் போனதால் ஆயிரக்கணக்கானோர் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. மக்கள் விடவில்லை. இரண்டாம் கட்டத்துக்குக் குடியிருப்புகளைத் தவிர்க்கும் வேறு வழி வந்தது. கொண்டுபோகவே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. "கொண்டுபோ, ஆனால் எங்கள் வாசல் வழியே வேண்டாம்" என்றார்கள். அந்தக் கோரிக்கையை மறுப்பது கடினம்.

டேங்கரின் பக்கவாட்டில் சாய்சதுர வடிவில் ஒரு பலகை இருக்கும். அரிக்கும் பொருள் என்றால் மேல் பாதி வெள்ளை, கீழ்ப் பாதி கறுப்பு. மேலே இரண்டு குழாயிலிருந்து சொட்டும் திரவம் ஒரு கையையும் ஒரு உலோகத் துண்டையும் அரிப்பதாகப் படம். அடியில் 8 என்ற எண். நச்சுப் பொருள் என்றால் மண்டையோடு, அடியில் 6. கூடவே நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். இது ஐ.நா. வகுத்த எண், உலகம் முழுக்க ஒன்றே. எடுத்துக்காட்டாக, காஸ்டிக் சோடாக் கரைசலுக்கு 1824. விபத்து நடந்தால் கிட்டே போகாமல், தூரத்திலிருந்து இந்த எண்ணைப் படித்து அவசர உதவிக்குச் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் அவர்களுக்குப் பெரிய உதவி. விபத்து நடந்த இடத்திலிருந்து காற்று உங்கள் பக்கம் வீசாத திசைக்குப் போங்கள். பள்ளத்தில் நிற்காதீர்கள். சிந்திய திரவத்தை மிதிக்காதீர்கள். அரிக்கும் திரவம் கொட்டினால் சுற்றிலும் குறைந்தது 50 மீட்டருக்கு யாரையும் விடக் கூடாது என்றும், டேங்கரே தீப்பிடித்தால் 800 மீட்டர் விலக வேண்டும் என்றும் வட அமெரிக்க அவசர உதவிக் கையேடு சொல்கிறது. தோலில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 30 நிமிடம் கழுவுங்கள். எலுமிச்சை, வினிகர் என்று எதையும் ஊற்ற வேண்டாம்.

கதவு ஜன்னலை அடைத்து உள்ளேயே இருப்பதா, வெளியேறுவதா என்று அதிகாரிகள் சொல்லும் வரை காத்திராமல் இரண்டுக்கும் தயாராக இருங்கள். அமெரிக்காவில் கிடங்குகளைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கு எச்சரிக்கை வானொலியும், ஜன்னல் இடுக்கை அடைக்கப் பிளாஸ்டிக் தாளும் டேப்பும் கொடுத்தார்கள். ஆனால் அது கிடங்குக்குப் பக்கத்தில் மட்டும்தான். கழிவு போகும் சாலையில் வாழ்பவர்களுக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை.

ஐந்தாம் படி: உலையைப் பற்றி மூன்று கேள்வி

எரிப்பு உலைக்கு அமெரிக்க விதி 99.99 சதவீத அழிப்பைக் கேட்கிறது. கேட்கும்போது பெரிதாகத் தெரியும். கணக்குப் போட்டால் ஒரு டன் நச்சுப் பொருளில் 100 கிராம் புகைபோக்கி வழியே வெளியேற அனுமதி. ஆகவே முதல் கேள்வி: எந்தப் பொருளை எரித்து இந்த எண்ணைச் சோதித்தார்கள்? உங்கள் ஊருக்கு வரும் கழிவைவிட எளிதாக எரியும் பொருளை வைத்துச் சோதித்திருந்தால் அந்த எண் உங்களுக்கு உதவாது. இரண்டாவது: உலை திடீரென அணைந்தால், மின்சாரம் போனால், எரியாத வாயு எங்கே போகும்? கடந்த வருடங்களில் அப்படி எத்தனை முறை நடந்தது என்ற பதிவேட்டைக் கேளுங்கள். மூன்றாவது: கழிவில் உலோகம் இருக்கிறதா? யூட்டா மாநிலத்தில் சில கடுகு வாயுக் கலன்களில் பாதரசம் கலந்திருந்தது. அதற்கென்று கூடுதல் வடிகட்டி பொருத்த வேண்டியிருந்தது. எவ்வளவு எரித்தாலும் உலோகம் அழியாது. சாம்பலில் இருக்கும், அல்லது புகையில் இருக்கும்.

ஆறாம் படி: கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசுவது

கையில் மைக் வருவது சில நிமிடம்தான். அதில் கோபத்தைக் கொட்டினால் மனசு ஆறும், பதிவேட்டில் எதுவும் ஏறாது. ஒருவர் ஒரு கேள்வி என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஆய்வறிக்கை, ஒருவர் தீயணைப்பு, ஒருவர் உலையின் பதிவேடு. எழுத்து மூலமாகவும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். பின்னால் நீதிமன்றம் போனால், நீங்கள் உரிய காலத்தில் கேட்டீர்களா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

காலக்கெடுவைக் கவனியுங்கள். அமெரிக்காவில் அபாயக் கழிவு உரிமத்துக்குக் கருத்துச் சொல்லக் குறைந்தது 45 நாள் தர வேண்டும். அரசிடம் ஆவணம் கேட்டால் 20 வேலை நாளில் பதில் வர வேண்டும். நடைமுறையில் இழுத்தடிப்பதும் உண்டு. ஆகவே கூட்டத் தேதி அறிவித்த பிறகு ஆவணம் கேட்டால் கைக்கு வந்துசேராது. வதந்தி காதில் விழுந்த அன்றே மனுப் போடுங்கள்.

மூன்று நிமிட மைக்கைவிடப் பெரியதைக் கேட்கவும் தயங்காதீர்கள். கென்டக்கியில் 1984-ல் ராணுவம் எரிப்பு உலை கட்டப்போவதாக அறிவித்தபோது அங்குள்ளவர்கள் வெறுமனே "வேண்டாம்" என்று நிற்கவில்லை. எரிக்காமல் அழிக்க வேறு வழி என்ன என்று தேடினார்கள். வியட்நாம் போரில் பணியாற்றிய கிரெய்க் வில்லியம்ஸ் மற்ற கிடங்குகளைச் சுற்றி வாழ்ந்தவர்களையும் ஒன்று சேர்த்தார். வேறு வழிகளைச் சோதிக்க 1996-ல் நாடாளுமன்றமே நிதி ஒதுக்கியது. கடைசியில் கென்டக்கியிலும் கொலராடோவிலும் பெரும்பகுதி நஞ்சுக்கு நீரிலும் காரத்திலும் உடைக்கும் முறைதான் வந்தது. மாநிலம்தோறும் ஒன்பது பேர் கொண்ட மக்கள் ஆலோசனைக் குழுவுக்கும் சட்டம் வழி செய்தது. ஒன்பதில் ஏழு பேர் கிடங்குப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அப்படி ஒரு குழுவை, செலவுக்குப் பணத்தோடும் தனக்கென்று ஒரு வேதியியல் நிபுணரோடும், போய்ச் சேரும் ஊருக்கும் கேளுங்கள். அங்கே அப்படி எதுவும் இருந்ததில்லை.

ஏழாம் படி: "எங்கள் ஊரில் வேண்டாம்" என்பதோடு நிற்காதீர்கள்

2013-ல் சிரியாவின் இரசாயன ஆயுதங்களைத் தன் மண்ணில் அழிக்க அல்பேனியாவைக் கேட்டார்கள். மக்கள் தெருவுக்கு வந்தார்கள்; நவம்பரில் அரசு மறுத்துவிட்டது. வேறு எந்த நாடும் முன்வராததால், கேப் ரே என்ற கப்பலில் இயந்திரங்களைப் பொருத்தி, நடுக்கடலில் சுமார் 600 டன்னை 2014 கோடையில் உடைத்தார்கள். கப்பலுக்குச் சரக்கு மாற்றிய இத்தாலியின் ஜோயா டாரோ துறைமுகத்தில் உள்ளூர் மக்கள் பிரதிநிதிகள், எங்களிடம் யாரும் சொல்லவே இல்லை என்று கொதித்தார்கள். மிச்சத் திரவத்தை ஃபின்லாந்தும் ஜெர்மனியும் வாங்கிக்கொண்டன. யாரோ ஒருவர் வாங்கத்தான் வேண்டும்.

இதை மறந்துவிட்டுப் போராடக் கூடாது. ஆயுதத்தை அப்படியே கிடங்கில் விட்டுவைப்பதும் ஆபத்து. பழைய ராக்கெட்டுகள் துருப்பிடித்துக் கசியும். கடலில் கொட்டுவதும் புதைப்பதும் திறந்தவெளியில் எரிப்பதும் 1997-ல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கைப்படி கூடாது. எடுத்துச் செல்லும்போதும் அழிக்கும்போதும் மக்கள் பாதுகாப்புக்கும் சுற்றுச்சூழலுக்கும் முதலிடம் தர வேண்டும் என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது. அந்த வாசகத்தை உங்கள் மனுவில் சேருங்கள். அப்புறம், கழிவு கிளம்பும் ஊரில் போராடுகிறவர்களின் தொடர்பைத் தேடிப் பிடியுங்கள். உருவான இடத்திலேயே முழுதும் முடிக்க வேண்டும் என்று இரு ஊரும் சேர்ந்து கேட்டால் வலு அதிகம். கொலராடோவின் புயேப்லோவில் மக்கள் அப்படித்தான் கேட்டார்கள். அங்கே பாக்டீரியாத் தொட்டிகளைக் கிடங்கு வளாகத்துக்குள்ளேயே கட்டினார்கள்.

எட்டாம் படி: நீதிமன்றம்

நல்ல வழக்கறிஞர் கிடைத்தால் போங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். நியூபோர்ட் லாரிகளை எதிர்த்து 2007-ல் வழக்குப் போட்டபோது, அனுப்புவதைச் சில வாரம் நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. லாரிகள் மறுபடி கிளம்பின. ஓடத் தொடங்கிய லாரியை நிறுத்துவது, கையெழுத்தாகாத ஒப்பந்தத்தை நிறுத்துவதைவிடப் பல மடங்கு கடினம்.

கடைசி லாரி போன பிறகு

கோப்பை மூடிவிடாதீர்கள். கிளம்பிய அளவும் வந்த அளவும் பொருந்துகிறதா என்று சரக்குச் சீட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். உலையைச் சுற்றி மண், தண்ணீர் மாதிரியை வேலை தொடங்குமுன் எடுத்திருந்தால்தான் முடிந்தபின் எடுப்பதோடு ஒப்பிட முடியும். முன்னால் எடுக்காவிட்டால் இப்போதாவது எடுத்து, தேதி போட்டு வையுங்கள். அடுத்த சரக்கு வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதுவே உதவும்.

அடுத்த சரக்கு வரும் என்றுதான் நினைத்துக்கொள்ள வேண்டும். போர்ட் ஆர்தர் உலைக்கு நியூபோர்ட் திரவத்துக்குப் பின் சிரியாவின் இரசாயனத்தில் ஒரு பகுதி வந்தது. புளூ கிராஸில் வளாகத்துக்குள்ளேயே முடிப்பதாக இருந்த ஹைட்ரோலைசேட்டும், அதை அங்கேயே சுத்திகரிக்க இருந்த இயந்திரத் திட்டத்தைக் கைவிட்டபின், அதே உலைக்குத்தான் வந்தது. ஒருமுறை வாங்கிய இடம் அடுத்தமுறை பட்டியலில் முதலில் நிற்கும். அமெரிக்காவில் அபாயக் கழிவு உரிமம் அதிகபட்சம் பத்து வருடத்துக்குத்தான். அதற்குப் பிறகு புதுப்பிக்க வேண்டும், மக்களிடம் கருத்தும் கேட்க வேண்டும். உங்கள் பக்கத்து ஆலையின் உரிமம் எந்தத் தேதியில் முடிகிறது என்று இன்றே கேட்டு எழுதி வையுங்கள். அதற்கு ஒரு வருடம் முன்னாலேயே முதல் மனுவைப் போட்டுவிடுங்கள்.